துணிக்கு அந்தப் பக்கம் கடாரம்

படம் காட்டி இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு வாய் மட்டும் இருந்தால் போதாது, தோளும் வேண்டும். ஒரு கையில் படம் காட்டும் மிஷின், இன்னொரு கையில் கார் பாட்டரி, கக்கத்தில் பிலிம் சுருள் டின். இந்தக் கோலத்தில் பஸ் ஏறி, லாரி மாறி, கடைசியில் செம்மண் ரோட்டில் நடந்து வகுப்புக்குப் போய்ச் சேருவேன். சக வாத்தியார்களே, வகுப்பில் கரண்ட் போய்விட்டது என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் காலத்தில் கரண்டையே நாங்கள்தான் சுமந்துகொண்டு போனோம்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி. சுங்கைப் பட்டாணியில் இருந்த ஒரு கல்விக் கமிட்டி, வயது வந்தவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க என்னை அமர்த்தியிருந்தது. அவர்களிடம் போய்ப் 'பூனை பாயில் உட்கார்ந்தது' என்று பாடம் நடத்தினால் எழுந்து போய்விடுவார்கள், நியாயம்தானே? அதனால் கெடா மாநிலத்தின் பழைய கதையையே பாடமாக்கினேன். குனோங் ஜெராய் மலை, நடுக்கடலில் அதைப் பார்த்து வழி கண்டுபிடித்த கப்பல்கள், மலையடியில் மெர்போக் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்த கோயில் கற்கள், நம் பழைய ஆட்கள் கடாரம் என்று சொன்னது நாம் நிற்கிற இந்த மண்ணைத்தான் என்பது, எல்லாம் சுருளில் படமாக இருந்தன. படத்தைப் பார், வாயைத் திற, இங்கிலீஷில் சொல். எழுத்தெல்லாம் பிறகு. இதுதான் என் முறை. அந்த முறையில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. தகராறு பண்ணியதெல்லாம் மற்ற சாமான்கள்தான்.

ஒரு சிகரெட் நேரம்

கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம், அந்த ஆட்கள் இன்றைக்கும் என்னைப் பாசாரில் கண்டால் காப்பி வாங்கிக் கொடுக்கிறார்கள், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? மரம் சீவி, பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பியதும், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் மத்தியானம் வகுப்பு. ராத்திரி ஊரடங்கு என்பதால் பகலிலேயே ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டோம். உள்ளே புழுக்கம் தாங்காது. முதல் நாளே தோட்டத்துத் தொரை வந்து வாசலில் நின்றார். "மரம் சீவுகிறவர்களுக்கு எதற்கு இங்கிலீஷ்?" என்றார். "அவர்களுக்கு வேண்டாமென்றால் உங்களுக்குத் தமிழ் கற்றுத் தரட்டுமா? எனக்கு எதுவும் சம்மதம்தான்" என்றேன். நல்ல மனுஷன், சிரித்துவிட்டார்.

அந்த வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண். மரம் சீவுகிறவள், வாயாடி. போன மழைக்காலத்தில் அவள் அக்கா பாப்பாத்தி நிறைமாசத்தில் வலி வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். டாக்டருக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேசுகிற மருந்துக்காரர், டிரஸ்ஸர், அன்றைக்கு இல்லை. வாரம் ஒரு நாள் வருகிற வெள்ளைக்கார டாக்டர், கட்டிலருகே குனிந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. பாப்பாத்தி பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அஞ்சலை அந்தக் கேள்வியின் சத்தத்தை அப்படியே மனசில் வைத்திருந்து, முதல் வகுப்பிலேயே என்னிடம் கேட்டாள்: "சார், 'வேர் இஸ் த பெயின்'னா என்னா?" எங்கே வலிக்கிறது என்று அர்த்தம் என்றேன். "இவ்வளவுதானா சார் கேட்டாரு?" என்றாள்.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நோயாளிப் பெண்களுக்கும் நடுவில் நிற்க ஒரு பெண் ஆள் தேவைப்பட்டது. டவுனில் சர்டிபிகேட் வைத்திருக்கிற யாரையாவது போடுவதாக இருந்தார் தொரை. நான் நேரே போய், அஞ்சலையைப் போடுங்கள், அவள் பேசுவாள் என்று அடித்துச் சொன்னேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் வகுப்புக்கு வருவார், வந்து ஒரு சிகரெட் பற்றவைப்பார். அது எரிந்து முடியும்வரை அஞ்சலை என் பாடத்தைப் பற்றி அவரோடு இங்கிலீஷில் பேச வேண்டும். பேசினால் வேலை அவளுக்கு. தடுமாறி நின்றால் வேலை டவுன் பெண்ணுக்கு, என் வகுப்புக்கும் பூட்டு. இதை நான் வந்து அஞ்சலையிடம் சொன்னதும் அவள் பயப்படவில்லை. யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தொரை அன்னிக்குன்னு பாத்து சுருட்டு பிடிச்சாருன்னா என்னா சார் செய்றது?"

சார்டின் சட்டம்

காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அப்போது சட்டம். தோட்டத்து கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக முடியாது. கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியடித்து ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட மீனை ஒளித்துவைக்க முடியாது, அன்றைக்கே தின்றாக வேண்டும் அல்லவா, அதற்காக. கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கமாக எஸ்.சி. என்று நாங்கள் கூப்பிடும் தோட்டக் காவல் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பார். புதிதாக வந்த ஆள், நம் தமிழ் ஆள்தான், சட்டம் என்றால் சட்டம். என் பிலிம் டின்னைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "டின்னா இருந்தா ஓட்டை போடணும்" என்றார்.

ஐயா, இது படம், இதில் மீன் இல்லை, கப்பல்தான் இருக்கிறது என்று மன்றாடினேன். திறந்தும் காட்டினேன். அவர் சுருளைப் பார்த்தார், மூடியை மூடினார், டின்னின் விலாவில் ஆணியை வைத்து ஒரே அடி! ஆணி சுருளுக்குள் இறங்கி ஐந்தாறு படங்களைத் துளைத்துவிட்டது. அன்றிலிருந்து என் கெடா வரைபடத்தின் நடுவிலும், குனோங் ஜெராய்க்கு மேலேயும், கப்பலின் பாயிலும் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை அதே ஆணியால்... சரி, விடுங்கள். அவரோ கடமையை முடித்த திருப்தியோடு டின்னை என் கையில் வைத்துச் சொன்னார்: "இப்ப பயமில்ல வாத்தியாரே, இனிமே இதை எந்தக் காட்டுக்காரனும் திங்க முடியாது."

காதர் பாயின் மல் துணி

குருண் என்ற ஊரில் எனக்கு இன்னொரு வகுப்பு, கடைக்காரர்களுக்கு. அங்கே என் முதல் மாணவர் காதர் பாய், ஜவுளிக் கடை வைத்திருந்தவர். பட்டாளத்துக்காரன் கடைக்குள் நுழைந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டால், இங்கிலீஷிலேயே பதில் சொல்லி அவனுக்கு ஒரு சட்டைத் துணியும் விற்றுவிட வேண்டும் என்பது அவர் லட்சியம். சோழ ராஜா கப்பல் படையோடு கடாரத்துக்கு வந்த படத்தைக் காட்டி, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டேன். அப்போது அடையாளக் கார்டு இல்லாமல் மனுஷன் கக்கூஸுக்குக்கூடப் போக முடியாத காலம். பாய் எழுந்து மிகவும் அக்கறையாகக் கேட்டார்: "அத்தன பேரு வந்து எறங்கினாங்களே சார், அவங்களுக்கெல்லாம் ஐ.சி. யாரு எடுத்துக் குடுத்தது?"

படம் விழுவதற்குத் திரை தந்தவரும் அவர்தான். தடித்த துணியாகக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். அவர் கேட்கவில்லை. "சரித்திரம் காட்டப் போறீங்க, முரட்டுத் துணியிலயா காட்டுவீங்க?" என்று கடையிலிருந்த மல் துணியிலேயே உயர்ந்ததைக் கிழித்துக் கொடுத்தார். கோலா கெத்தில் தோட்டத்துக் கொட்டகையில் அதை நடுவில் கட்டி மிஷினைப் போட்டால், அவ்வளவு மெல்லிய துணியா, படம் முன்பக்கமும் தெரிகிறது, பின்பக்கமும் தெரிகிறது. பெண்கள் உடனே உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். மாமனார், மச்சாண்டார், வேலை வாங்குகிற மண்டோர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க எப்படி வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசுவது? துணி நடுவில் தொங்கினால் யார் பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முன்பக்கம் ஆண்கள் தப்பு வந்துவிடுமோ என்று முனகுவார்கள். பின்பக்கத்திலிருந்து 'தி ஷிப் கேம் டு மெர்போக்' என்று கொட்டகை அதிரும்.

ஒரே துணியில் இரண்டு கொட்டகை நடத்துகிறேன் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்து அதைப் பற்றி ஏதோ கேட்டாள். மலாய்க்காரர்கள் ஜாவி எழுத்தை வலப்பக்கமிருந்து எழுதுவார்கள், தெரியுமல்லவா? இவள் எப்போதும்போல் என்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, போம்மா, வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது இதுதான்: "இங்கிலீஷும் ஜாவி மாரி வலது கைப் பக்கத்துலேருந்துதான் எழுதுவாங்களா சார்?"

கண்ணாடியில் வந்த சூரியன்

ஒரு தடவை நான் வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், அவர் பாட்டரி செத்துக் கிடந்தது. பிறகு என் மடியில் இருந்த பாட்டரியைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என்ன, என் பாட்டரியைப் பூட்டிக்கொண்டு பஸ் புறப்பட்டது, நான் தோட்டத்து முனையில் வெறும் மிஷினோடு இறங்கினேன்.

வகுப்பை விடுகிற ஆளா நான்? ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியை வரவழைத்து, மண்டோர் பெருமாளை வெயிலில் நிறுத்தி, கோணிச் சாக்கில் ஒரு ஓட்டை போட்டு, கண்ணாடியிலிருந்து வருகிற வெளிச்சத்தை நேரே மிஷினுக்குள் விட்டேன். பல்பில் தெரிவதைவிடப் பளிச்சென்று விழுந்தது படம்! சூரியன் நகர நகர மண்டோரும் நகர வேண்டும். "அண்ணே, கொஞ்சம் இடது... அண்ணே, தூக்கிப் பிடிங்க" என்று உள்ளிருந்து கத்திக்கொண்டே குனோங் ஜெராய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். கப்பல்காரர்கள் தூரத்திலிருந்து மலையைக் கண்ட கட்டத்தில் படம் மங்கி, மங்கி, இல்லாமலே போயிற்று. வெளியே வெயிலில் வெந்துபோயிருந்த மண்டோர் சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்: "மலை மேல மேகம் வந்திருச்சு சார், கப்பலைத் திரும்பிப் போகச் சொல்லுங்க லா!"

சாமி வந்த நாள்

மெர்போக் பாடத்துக்கு நான் ரொம்பவும் தயார் செய்திருந்தேன். செங்கல் மேடை, கருங்கல் தூண் நிறுத்திய குழிகள், பிறகு கோயிலுக்குள் இருந்த கற்சிலை. சொல்லிக்கொடுக்க வேண்டிய இங்கிலீஷ் வாக்கியம் சின்னது: 'இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கப்பலில் வந்தார்கள்.' சிலை துணியில் விழுந்தது. முன்பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பின்பக்கம் யாரோ குலவை போட்டார்கள். ஆயிரம் வருஷமாக விளக்கில்லாமல் மண்ணுக்குள் கிடந்த சாமி என்று நானே வேறு வாயைக் கொடுத்திருந்தேன்.

மண்டோர் பெருமாள் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து, துணிக்குக் கீழே ஒரு மங்கில் வைத்து ஏற்றிவிட்டார். மங்கு என்றால் ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம். அடியில் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். குபீரென்று பிடித்துக்கொண்டது! காதர் பாயின் உயர்ந்த மல் துணி ஓரத்தில் எரிய, நான் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்த, பின்பக்கத்துப் பெண்கள்தான் குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தார்கள். அதில் பாதி என் மேல் விழுந்தது. துணி ஓரம் கருகியதோடு தப்பித்தோம். நான் தலையைத் துவட்டிக்கொண்டு மண்டோரை முறைத்தேன். அவருக்கு என் மேல்தான் கோபம்: "சாமி வருதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நாங்க குளிச்சிட்டு வந்திருப்போமா இல்லையா?"

சிகரெட் எரிந்த நாள்

தீபாவளி நெருங்கியது. சொன்னபடி தொரை வந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அஞ்சலையை முன்பக்கம் கூப்பிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்தார். சாதாரண சிகரெட்தான், சுருட்டு இல்லை. மிஷினை அணைக்கச் சொல்லிவிட்டார். படத்தைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாதாம். அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பெயர், வேலை எல்லாம் கேட்டார், சொன்னாள். கப்பல்காரர்கள் ஏன் மலையைப் பார்த்தார்கள் என்று கேட்டார். கடலில் ரோடு கிடையாது, அதனால் மலையைப் பார்த்து வந்தார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா என் முறையை என்று தொரையைப் பார்த்தேன்.

தொரை ஒரு சாக்குக் கட்டியை நீட்டினார். "கெடாவை வரைந்து காட்டு." அஞ்சலை சிமிண்டுத் தரையில் குந்தி, தயங்காமல் வரைந்தாள். மேலே வடக்கு, கீழே தெற்கு, வலப்பக்கம் முழுக்கக் கடல், கடலோரத்தில் குனோங் ஜெராய், இடப்பக்கம் நம் தோட்டம். தொரை குனிந்து பார்த்தார். "தப்பு. கடல் இடப்பக்கம்" என்றார். சிகரெட் இன்னும் பாதிகூட எரியவில்லை. இந்தப் பெண் முள்கம்பியைத் தாண்டிக் கடலைப் பார்த்தவள் இல்லை. நான் காட்டிய படம்தான் அவளுக்குக் கடல். அது எப்படி இடம் மாறும்? போச்சு, வேலையும் போச்சு, வகுப்பும் போச்சு என்று நின்றேன்.

அஞ்சலை நிற்கவில்லை. "நோ, சார்" என்றாள். தொரையிடம் யாரும் நோ சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை, மண்டோரும் கேட்டதில்லை. நான் வாராவாரம் பார்த்தேன், கடல் வலப்பக்கம்தான் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் இல்லை என்றார். இவள் ஆமாம் என்றாள். வாத்தியார் இப்படியா சொல்லிக் கொடுத்தார் என்று அவர் கேட்க, வாத்தியார் சொல்லவில்லை, துணி சொன்னது என்றாள். சொன்னவள் சட்டென்று திரும்பித் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆண்கள் உட்காரும் பக்கத்தைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருகிற எவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம்! அடக் கடவுளே, ஜாவி எழுத்து!

"சார், ஆண்கள் ஒரு பக்கம் பார்க்கிறார்கள். நாங்கள் இன்னொரு பக்கம் பார்க்கிறோம். நீங்கள் எங்கள் பக்கம் வந்து உட்காருங்கள். பிறகு தப்பு என்று சொல்லுங்கள்." இதில் ஒரு வாக்கியம்கூட என் பாடத்தில் கிடையாது. முழுக்க முழுக்க அவளுடைய இங்கிலீஷ். தொரை எழுந்தார். கருகிய ஓரத்தை அவள் தூக்கிப் பிடிக்க, குனிந்து அந்தப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அத்தனை மாதத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. பெண்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் பாயில் இடம் விட்டார்கள். அவ்வளவு உயரமான மனுஷன் காலை மடக்கி உட்கார்ந்தார். நான் மண்டோருக்குக் குரல் கொடுத்தேன், அவர் மிஷினைப் போட்டார். வந்து விழுந்தது கெடா, வலப்பக்கம் முழுக்கக் கடல், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி. அஞ்சலை தரையில் வரைந்ததற்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசமில்லை.

தொரை பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் மின்னுகிற வெள்ளைப் பொட்டைக் காட்டி, அது எந்த ஊர் என்று கேட்டார். அஞ்சலை முகத்தை மாற்றாமல் சொன்னாள்: "போலீஸ், சார்." அவர் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கையிலிருந்ததை மறந்துவிட்டார். சிகரெட் முழுக்க எரிந்து விரலைச் சுட்டுவிட்டது. அம்மா என்று அவர் பாஷையில் கத்திக்கொண்டு கையை உதறினார். அஞ்சலை அவர் முன்னால் குந்தினாள். கேலி இல்லை, பயமும் இல்லை, ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்: "வேர் இஸ் த பெயின், சார்?"

தொரை விரலை நீட்டினார், இங்கே என்றார். அவள் ஈரத் துணியை வைத்தாள். அவர் தரையில் கிடந்த சிகரெட் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். பாயின் ஓரத்தில் அஞ்சலையின் அக்கா பாப்பாத்தி மட்டும் கைதட்டவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அஞ்சலை ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. பாப்பாத்தி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு அந்த டாக்டர் என்கிட்ட கேட்டது இதுதான்டி, இதேதான்."

பின்குறிப்பு மாதிரி ஒன்று

அடுத்த வாரம் பெண்களை முன்பக்கம் வரச் சொன்னேன். வரமாட்டோம், முன்னால் வந்தால் வாய் எழும்பாது என்றார்கள். அதனால் சுருளை ஒரு வாரம் நேராகவும் ஒரு வாரம் திருப்பியும் போட்டேன். ஒரு வாரம் ஆண்களுக்குக் கடல் சரியான பக்கம், மறு வாரம் பெண்களுக்கு. இரண்டாவது வாரமே மண்டோர் பெருமாள் எழுந்து நின்றார்: "போன வாரம் பொம்பளைங்க பாத்த கடலை எங்களுக்கு எதுக்கு சார் காட்டுறீங்க?"

மிஷினையும் பாட்டரியையும் சுமந்து தோள் தேய்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், படம் காட்டுகிற வாத்தியார் வாரத்துக்கு ஒரு தடவையாவது துணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பாயில் இடம் விட்டால்.